காலையில் மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்கிவிடுகிறது, பள்ளிக்கு அனுப்பலாமா?

மூன்றாம்பெஞ்ச்அம்மா
ஞாயிறு, இரவு 10:52

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். போன புதன்கிழமையிலிருந்து அவன் வகுப்பில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுகிறார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் 11 பேர் வரவில்லை, அதில் இரண்டு பேருக்குப் பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்துவிட்டதாக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள்.

இவன் நேற்று மாலையே சுருண்டு படுத்துவிட்டான். இன்று மதியம் 101.4. பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன், ஒரு மணி நேரத்தில் 99-க்கு இறங்கியது, எழுந்து தம்பியோடு சண்டைகூடப் போட்டான். இரவு எட்டு மணிக்கு மறுபடி 101, மறுபடி மருந்து, மறுபடி இறங்கிவிட்டது.

நாளைக்கு அவனுக்குக் கணக்கு டெஸ்ட். எனக்கு இந்த மாதம் லீவு மிச்சமில்லை, சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோதே இருந்ததையெல்லாம் எடுத்துத் தீர்த்தாயிற்று. கணவர் வெளியூரில் இருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார். காலை ஏழு மணிக்கு ஒரு டோஸ் கொடுத்து அனுப்பினால் டெஸ்ட் முடியும் வரை தாங்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனது சொல்கிறது. பாதி வகுப்புக்கு வந்தாயிற்று, இனி இவன் போய் யாருக்குப் புதிதாகக் கொடுக்கப்போகிறான் என்றும் தோன்றுகிறது.

திட்டுவதென்றால் திட்டுங்கள். ஆனால் கூடவே எத்தனை நாள் வீட்டில் வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள், குழுவில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.


இரட்டைவால்அப்பா
ஞாயிறு, இரவு 11:20

அனுப்பாதீர்கள். இதே வேலையைச் செய்து மாட்டியவன் நான், அதனால் சொல்கிறேன்.

போன வருடம் என் மகளுக்கு இதே கதை. காலை 7:15-க்கு சிரப், எட்டு மணிக்குப் பள்ளி. அந்த மருந்து 4 முதல் 6 மணி நேரம்தான் வேலை செய்யும், நானும் மதியம் வரை தாங்கும் என்றுதான் கணக்குப் போட்டேன். 11:40-க்குப் பள்ளியிலிருந்து போன். போய்ப் பார்த்தால் வாந்தி எடுத்த சட்டையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் கோபப்படவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், காலையில் மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று. இல்லையே என்றேன். என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

மருந்து இறக்குவது தெர்மாமீட்டரில் தெரிகிற எண்ணைத்தான், கொஞ்சம் உடம்பு வலியையும். வைரஸை அது தொடுவதேயில்லை. இன்னும் சொல்லப்போனால் மருந்து போட்ட பிள்ளையால்தான் தொல்லை அதிகம். காய்ச்சலோடு இருப்பவன் ஒரு மூலையில் கிடப்பான், மருந்து போட்டவன் ஓடியாடி எல்லார் முகத்திலும் தும்முவான்.

பாதி வகுப்புக்கு வந்தாயிற்று என்கிறீர்கள், மீதிப் பாதி இருக்கிறதே? அந்தப் பிள்ளைகள் வீட்டில் கைக்குழந்தை இருக்கும், வயதானவர்கள் இருப்பார்கள். எத்தனை நாள் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


சிக்ரூம்பெரியம்மா
ஞாயிறு, இரவு 11:58

22 வருடம் பள்ளியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கேள்வி. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். ‘மருந்து கொடுக்காமலே’ என்பதைத்தான் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 100.4-ம் அதற்கு மேலும் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சூடு இருந்த நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள், அங்கிருந்து எண்ணுங்கள், நடுவில் மறுபடி ஏறினால் எண்ணிக்கை முதலிலிருந்து. ஃப்ளூ பொதுவாக அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும், முதல் மூன்று நான்கு நாள்தான் உச்சம், மொத்தம் 5 முதல் 7 நாள் வரை, சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் அதிக நாள்கூட இருக்கும். அதனால் 24 மணி நேரம் தாண்டியதும் சுத்தமாகப் பரவாது என்று அர்த்தமில்லை, படிப்பும் நடக்க வேண்டுமே என்று போட்ட ஒரு கோடு அது. இன்னொன்று, சனிக்கிழமை மாலை படுத்தவன் வெள்ளிக்கிழமையே பரப்ப ஆரம்பித்திருக்கலாம். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது, அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

குழுவில் ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், ஒவ்வொரு ஒட்டுவாரொட்டிக்கும் கணக்கு வேறு. உங்கள் சின்னவனுக்கு வந்ததுபோல் வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசித் தடவைக்குப் பிறகு 48 மணி நேரம், கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும், இப்படி வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸிடம் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது. சின்னம்மை என்றால் காய்ச்சலைப் பார்க்கவே கூடாது, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும். தட்டம்மைக்குத் தடிப்பு வந்ததிலிருந்து நான்கு நாள், பொன்னுக்குவீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். கக்குவான் இருமலில் ஆன்டிபயாடிக் ஆரம்பித்து ஐந்து நாள் ஆக வேண்டும், மருந்து எடுக்காவிட்டால் மூன்று வாரம். கை, கால், வாய் நோய் ஒன்றுதான் வினோதம், மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும் என்பதால் அது தீரட்டும் என்று யாராலும் காத்திருக்க முடியாது, காய்ச்சல் விட்டுப் புண் காய்ந்து பிள்ளை தெளிவாக இருந்தால் அனுப்பிவிடலாம்.

வெறும் மூக்கொழுகலுக்கும், காய்ச்சல் போன பிறகு மிச்சமிருக்கும் இருமலுக்கும் வீட்டில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் என்றால் படிப்பு என்னாவது? பேனுக்கும் வேண்டாம். பேனுக்காக அழுதுகொண்டு வீட்டுக்குப் போன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது அநியாயம்.

வீட்டில் வைப்பது என்றால் உண்மையிலேயே வீட்டில். மாலையில் டியூஷனுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அனுப்பினால் என்ன பயன்? எங்கள் தொழிலே இதிலிருந்துதான் பிறந்தது. 1902-ல் நியூயார்க்கில், நோய் இருந்த பிள்ளைகளை டாக்டர்கள் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், ஆனால் வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லை, மாலையில் அதே பிள்ளைகள் தெருவில் அதே நண்பர்களோடு விளையாடினார்கள். லினா ராஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனையாக அனுப்பினார்கள். அவர் பள்ளியிலேயே சின்னச் சின்ன வைத்தியம் பார்த்தார், வீடு வீடாகப் போய் அம்மாக்களுக்கு விளக்கினார். நர்ஸ்களைப் பெருக்கிய பிறகு, ஒரு வருடத்துக்குள் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்துபோனது.

பையனைக் கவனியுங்கள். வேகமாக மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது விலா உள்ளே ஒடுங்கினால், உதடு நீலமானால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், வலிப்பு வந்தால், காய்ச்சல் விட்டுவிட்டு மறுபடி பலமாக வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஃப்ளூவும் சின்னம்மையும் இருக்கும்போது பிள்ளைகளுக்கு அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி வரை கொண்டுபோகும்.


மாதக்கடைசி
திங்கள், காலை 5:40

எல்லாரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். லீவு இல்லை என்று அவர் எழுதியதை மட்டும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

நான் தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை, மூன்றாவது நாள் மேலாளர் முகம் மாறும். 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று சொல்கிறவர்கள், அந்த நேரத்தில் பிள்ளையோடு யார் இருப்பது என்று சொல்வதில்லை. நான் மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தேன்.

பள்ளிகளையும் கொஞ்சம் கேளுங்கள். காய்ச்சல் என்றால் அனுப்பாதீர்கள் என்று சுற்றறிக்கை விடுவார்கள், வருடக் கடைசியில் 100 சதவீத வருகை என்று மேடையேற்றி மெடல் மாட்டுவார்கள். அந்த மெடலுக்குள் எத்தனை பாட்டில் சிரப் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2020-ல் உலகம் முழுக்க 150 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூடியபோது பாடம் முழுவதையும் போனில் அனுப்ப முடிந்தது, இப்போது காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு கணக்கு டெஸ்டை அடுத்த வாரம் வைக்க முடியாதா?


இரட்டைவால்அப்பா
திங்கள், காலை 6:05

மாதக்கடைசி, நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மேலாளர் முகம் மாறுகிறது என்பதற்காக அடுத்த பெஞ்ச் பிள்ளைக்குக் காய்ச்சல் வர வேண்டுமா? அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு மேலாளர் இருப்பார்.


ஜன்னல்சீட்
திங்கள், காலை 6:30

அந்த அடுத்த பெஞ்ச் பிள்ளை என் வீட்டில்தான் இருக்கிறாள்.

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. நடுநடுவே நல்ல நாட்களில் பள்ளிக்குப் போவாள், அவளுக்கு அது திருவிழா. எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட இல்லை என்பதால் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் போகிற நோய் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

மாதக்கடைசி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் வேலையை விட்டுத்தான் இவளோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் கேட்பது வேறு. லீவு எடுக்க முடிகிறதோ இல்லையோ, பிள்ளைக்கு என்ன என்பதை ஒளிக்காமல் அன்றைக்கே பள்ளிக்குச் சொல்லுங்கள். போன பருவத்தில் ஒரு பையன் ‘வயிற்று வலி’ என்று ஒன்பது நாள் வரவில்லை. அவனுக்கு வந்தது சின்னம்மை என்று அவன் திரும்பி வந்து, முகத் தழும்பைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சின்னம்மைத் தொடர்பு ஏற்பட்ட பத்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, இவளைப் போன்ற பிள்ளைகளுக்குப் போட ஒரு இம்யூனோகுளோபுலின் ஊசி, அதாவது நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை நேரடியாக உடம்புக்குள் செலுத்தும் ஊசி, இருக்கிறது. தட்டம்மைக்கு அந்த அவகாசம் ஆறே நாள். நாங்கள் ஓடும்போது கெடு தாண்டிவிட்டது. அப்புறம் வைரஸ் மருந்து, நாள் எண்ணுவது, ஒவ்வொரு கொசுக்கடியையும் கொப்புளமோ என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. நல்லவேளை, வரவில்லை.

பிள்ளையின் பெயர்கூட எங்களுக்கு வேண்டாம், நோயின் பெயர் மட்டும் போதும்.


மூன்றாம்பெஞ்ச்அம்மா
செவ்வாய், இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. நேற்று அனுப்பவில்லை.

நேற்று காலை ஆறரை மணிக்கு மருந்து கொடுக்காமல் பார்த்தபோது 99.6, ஒரு நிமிடம் மனது ஆடியது, யூனிஃபார்மைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அப்போதுதான் ஜன்னல்சீட் எழுதியதைப் படித்தேன். பத்தரை மணிக்கு 102. அனுப்பியிருந்தால் டெஸ்ட் நடுவில் ஏறியிருக்கும். மாலையில் டாக்டரிடம் போனோம், ஃப்ளூதான், தொடங்கி 48 மணி நேரத்துக்குள் வந்தது நல்லது என்று வைரஸ் மருந்து எழுதிக் கொடுத்தார்.

லீவு கதை சுபமாக முடியவில்லை. சம்பளம் பிடிப்பார்கள். நேற்று முழு நாள், இன்று அரை நாள். மதியத்துக்கு மேல் மாடி வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார், அவருக்கு வந்துவிடக் கூடாதே என்று இப்போது அதுவேறு கவலை. பள்ளிக்கு ‘உடல்நலமில்லை’ என்று எழுதியதை அழித்துவிட்டு, ‘ஃப்ளூ, சனிக்கிழமை மாலை தொடங்கியது’ என்று எழுதி அனுப்பினேன். டெஸ்ட்டுக்கு மறுவாய்ப்பு உண்டா என்று மாதக்கடைசி தந்த தைரியத்தில் அதிலேயே கேட்டுவிட்டேன், இன்னும் பதில் இல்லை. ஆனால் நான் எழுதியதைப் பார்த்து வகுப்புக் குழுவில் இன்னும் மூன்று அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் ஃப்ளூதான் என்று போட்டார்கள், இரண்டு பேர் போன வாரமே உறுதியானவர்களாம்.

கடைசியாகச் சூடு இருந்தது இன்று மதியம் 2:10, ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பெரியம்மா, ஒரு சந்தேகம். சின்னவனுக்குச் சாயங்காலத்திலிருந்து மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை. வெறும் மூக்கொழுகலுக்கு வைக்க வேண்டாம் என்றீர்களே, நாளைக்கு அனுப்பலாமா?


சிக்ரூம்பெரியம்மா
செவ்வாய், இரவு 9:40

வீட்டில் ஃப்ளூ இருக்கும்போது அது வெறும் மூக்கொழுகல் இல்லை, தாயே. தொற்றியதிலிருந்து 1 முதல் 4 நாளில் வெளியே தெரியும், உங்கள் கணக்குக்குச் சரியாக வருகிறது. நாளை ஒரு நாள் அவனையும் வையுங்கள். ராத்திரி ஒரு தடவை சூடு பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் காலையில் அதே டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.


மூன்றாம்பெஞ்ச்அம்மா
புதன், அதிகாலை 2:25

நான்கு வயது. 100.8. ஃப்ரிட்ஜில் இரண்டாவது காகிதம் ஒட்டியாயிற்று.