மாமனார் ஹாலில் சிகரெட் பிடிக்கிறார், வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்குமா?

நிலாமுற்றம்:
எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. நானும் கணவரும் புகைபிடிப்பதில்லை. மாமனார் மட்டும் டிவி பார்த்துக்கொண்டே ஹாலில் சிகரெட் பிடிப்பார், சொன்னால் ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுவிடுகிறார். பெட்ரூம் கதவைச் சாத்தினாலும் வாடை வருகிறது, தலையணை உறையில்கூட அந்த நாற்றம்தான். "உன் புருஷனும் இந்தப் புகைக்குள்ளதான் வளர்ந்தான், நல்லாத்தானே இருக்கான்" என்கிறார் மாமியார். நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா?

வெண்பனி:
இல்லை தோழி, உங்கள் பயம் நியாயமானதுதான். ஃபேன் புகையை அறை முழுக்கப் பரப்புகிறதே தவிர வெளியேற்றுவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சிகரெட் நுனியிலிருந்து எழும்பும் புகை ஃபில்டர் வழியாக வருவதே இல்லை, பிடிப்பவர் உள்ளே இழுப்பதைவிட அதில் பல நச்சுகள் அதிகம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும், அதனால் குழந்தைக்குப் போகிற ஆக்சிஜன் குறையும். நிகோடினோ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தை வரைக்கும் போய்விடும். எடை குறைந்து பிறப்பது, குழந்தை வயிற்றிலேயே இறந்துபோவது இதற்கெல்லாம் வாய்ப்பு கூடுகிறது. அடுத்தவர் பிடிக்கும் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என 2006-லேயே அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அந்நாட்டு அரசின் தலைமைப் பொது சுகாதார மருத்துவர்) அறிக்கை சொல்லிவிட்டது.

கடலோரம்:
ஒருவர் தப்பித்தார் என்பதால் அடுத்த குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் இதை மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம் சகோதரி, உங்கள் கணவர்தான் அவர் அப்பாவிடம் பேச வேண்டும். அதுவும் "குறைச்சுக்கோங்க" என்று இழுக்காமல், வீட்டுக்குள் வேண்டாம், வாசலுக்கு வெளியே போய்ப் பிடியுங்கள் என்று நேராகச் சொல்லட்டும். பால்கனி, பாத்ரூம் எல்லாம் சரிப்படாது, புகை திரும்ப உள்ளேதான் வரும். குழந்தை பிறந்த பிறகும் இதே கட்டுப்பாடு வேண்டும், ஏனென்றால் கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென இறந்துபோவதற்கும் இந்தப் புகை ஒரு காரணம்.

வெண்பனி:
அப்புறம் ஒன்று, டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணி ஒவ்வொருவரிடமும் வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று கேட்க வேண்டும் என்பது 2013-இல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டுதல். ஐந்து மாதம் போய்விட்டதே என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், குழந்தை அதிகம் எடை போடுவது கடைசி மூன்று மாதத்தில்தான், இப்போது புகை நின்றாலும் பலன் உண்டு.

நிலாமுற்றம்:
ரொம்ப நன்றி. அடுத்த ஸ்கேனுக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கணவர் சொல்கிறார், டாக்டர் சொன்னால் கேட்பாராம். சோபா கவர், திரைச்சீலை எல்லாம் துவைத்தால் அந்த வாடை போகுமா?

கடலோரம்:
ஓரளவு போகும், துணியில் படிந்திருப்பதும் நச்சுதான். ஆனால் உள்ளே பிடிப்பது நின்ற பிறகு துவைத்தால்தான் பிரயோஜனம். திரைச்சீலையைக் கழற்ற நீங்கள் ஸ்டூல் மேல் ஏறாதீர்கள், அதைக் கணவரிடம் விட்டுவிடுங்கள்.