கலைச்சொல் தேவை: பிளாஸ்ரிக்கில் பெயின்ற் பிடிக்கவைக்கும் பூச்சு

கிளிநொச்சி, பயிற்றுநர்:
வணக்கம். வாகனப் பெயின்ற் வகுப்புக்குத் தமிழில் கைநூல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'அட்ஹீஷன் புரொமோட்டர்' என்ற இடத்தில் பேனா நிற்கிறது.

காரின் உள்பக்கத் துண்டுகளைக் கழற்றித் திருப்பினால், பெரும்பாலும் பின்னால் பிளாஸ்ரிக்கின் வகை பதித்திருக்கும். ஏபிஎஸ் என்றால் சிக்கலில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, அற்ககோல் தொட்டுத் துடைத்து, சாம்பல் நிற ஸ்கொச்பிரைட் தேய்ப்புத் துண்டால் மினுக்கம் போகத் தேய்த்துவிட்டால் பெயின்ற் பிடித்துக்கொள்ளும். பிபி, அதாவது பொலிபுரோப்பிலீன், அப்படிப்பட்டதல்ல. மேற்பரப்புச் சக்தி குறைவு. தண்ணீரே அதில் பரவாமல் திரண்டு நிற்கும். அட்ஹீஷன் புரொமோட்டர் என்ற திரவத்தை முதலில் மெல்லிசாக அடித்தால்தான் மேலே வரும் பெயின்ற் நிற்கும். பெடியள் இதையும் பிரைமர், அதாவது பெயின்றுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, என்றே சொல்கிறார்கள். அப்புறம் சாதாரண பிரைமரை நேரே பிபியில் அடித்துவிட்டு, "சேர், நகம் பட்டதும் தோலாக உரியுது" என்று வந்து நிற்கிறார்கள். பிரைமர் அல்லாத ஒரு சொல் வேண்டும்.

வவுனியா, கராஜ்:
சேர், கடையில் 'பிளாஸ்ரிக் பிரைமர்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சொல்லை விடுங்கள். டாஷ்போட்டுக்கு வருடக்கணக்காகப் பூசிய பொலிஷை முதலில் எழுதுங்கள். அதிலிருக்கும் சிலிக்கோனை எடுக்காமல் தேய்த்தால் கீறலுக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு நல்ல தமிழை அடித்தாலும் பெயின்ற் குழி குழியாக விலகும். முதலில் துடைப்பு, அதற்குப் பிறகுதான் தேய்ப்பு. ஏ9 வீதி ஓரத்துக் கராஜ் என்றால் கோடையில் செம்மண் தூசுக்குத் தரையையும் நனைக்கவேண்டும்.

மாங்குளம், விஞ்ஞான ஆசிரியர்:
ஒட்டூக்கி. ஒட்டுதலை ஊக்குவது. சுருக்கம், தெளிவு.

மல்லாவி, தமிழாசிரியர்:
மாஸ்ரர், உங்கள் பாடப்புத்தகத்திலேயே ஊக்கி என்பது இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தி, தான் செலவாகாமல் மிஞ்சுவது. இது பூச்சுக்குள்ளேயே தங்கிவிடுகிறதே! பிள்ளைகள் குழம்புவார்கள்.

நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: பற்றாசு. பொற்கொல்லர் சொல். யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக் காரிகையின் உரையில் ஆசிடை நேரிசை வெண்பாவுக்குக் குணசாகரர் என்ன விளக்கம் தருகிறார்? முதற் குறட்பாவும் தனிச்சொல்லும் ஒட்டாமல் விட்டிசைத்தால் நடுவே ஓரிரு அசை சேர்ப்பது, ஒன்றுபடாத உலோகங்களைப் பற்றாசிட்டு ஒன்றுபடுத்துவது போல என்கிறார். ஒன்றுபடாததை ஒன்றுபடுத்துவது! பிபியும் பெயின்றும் வேறென்ன? 'பற்று' என்ற வேரையும் பாருங்கள். பற்றுக்கோடு, பற்றுச்சீட்டு, மருத்துவர் போடும் பற்று...

கிளிநொச்சி:
ஐயா, பக்கத்து மின்னியல் வகுப்பில் ஈயம் உருக்கி வயர் ஒட்டுவதைத்தான் பற்றாசு என்கிறார்கள். என் மாணவன் டாஷ்போட்டுக்குச் சூட்டுக்கோலோடு வருவான்.

மல்லாவி:
அப்படியானால் 'ஆசுப்பூச்சு' என்று வையுங்கள்.

புதுக்குடியிருப்பு, நூலகர்:
ஆசு என்றால் குற்றம். ஆசறு என்பது குற்றமற்றது. ஆசு என்றால் விரைவும்தான். ஆசுகவி அப்படி வந்தவர். ஆக, பிழையான பூச்சா, அவசரப் பூச்சா? அவசரமாக அடித்தால் இரண்டும் ஒன்றுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கடிசொல் இல்லைக் காலத்துப் படினே, அதாவது காலத்தோடு வரும் புதுச்சொல்லை விலக்கவேண்டியதில்லை, என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கும்போது, பிரைமருக்கு ஏன் இத்தனை தடை?

கிளிநொச்சி:
எனக்குப் பிரைமர் என்ற சொல்லோடு பகையில்லை. இரண்டு வெவ்வேறு பொருளுக்கு ஒரே பெயர் என்பதுதான் சிக்கல். பிரைமர் கீறலை நிரப்பும், நிறத்தை மறைக்கும். இது இரண்டையும் செய்யாது. பல தயாரிப்புகளில் இருப்பது குளோரினேற்றிய பொலியொலிபீன், அதாவது பிபியின் இனத்துப் பிளாஸ்ரிக்; ஒரு பக்கம் பிபியோடும் மறுபக்கம் பெயின்றோடும் சேரும், அவ்வளவுதான்.

வவுனியா:
பெயின்ற்றைப் பிடிக்கிற பூச்சு, பிடிப்பூச்சு. முடிந்தது கதை.

புதுக்குடியிருப்பு:
'ப்' போட்டால் பிடிக்கு, அதாவது பெண் யானைக்குப் பூசுவதாகிவிடும். ஒட்டுசுட்டான் பக்கம் யானைக்குக் குறைவில்லை, என்றாலும் பெயின்ற் அடிக்க நிற்காது. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகையாக வையுங்கள். ஒற்று மிகாது. பிடிபூச்சு.

மாங்குளம்:
பிடிபூச்சு பரவாயில்லை. ஒட்டூக்கியைத் திரும்பப் பெறுகிறேன். இனி இதைப் பற்றி மடல் வேண்டாம்.

மல்லாவி:
ஒரு வரி மட்டும். பிடிப்பது பெயின்ற், இது பிடிக்கவைப்பது. பிறவினை வராத இடத்தில் பொருளும் வராது. வேண்டுமானால் 'பற்றுவிப்பான்' என்றாவது போடுங்கள்.

வவுனியா:
ஐயா, பற்றுவிப்பான் என்று கேட்டால் கடைக்காரர் நெருப்புப்பெட்டி தருவார்.

கிளிநொச்சி:
சரி. 'பிடிபூச்சு' என்று போட்டு, முதல்முறை வருமிடத்தில் 'கடையில் பிளாஸ்ரிக் பிரைமர் என்று கேட்கலாம், ஆனால் டப்பாவின் பின்பக்கத்தில் பிபிக்கு உகந்தது என்று இருக்கிறதா பார்க்கவும்' என்று குறிப்பும் எழுதுகிறேன். நன்றி.

மல்லாவி:
என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது காரிகையோடு வருவேன்.