போல் பொசிஷன் பெட்டி: கார் வலது பக்கம் மட்டும் திரும்புது, பத்து நிமிஷத்துல படம் கலையுது

பேஸ்மென்ட் பாண்டியன் (மிசிசாகா, கனடா):
ஒரு பௌலிங் கூடத்தை இழுத்து மூடுறப்போ காசு போட்டு ஆடுற இந்த வீடியோ கேம் பெட்டியை 400 டாலருக்குத் தள்ளிட்டு வந்தேன். 1982-ல ஜப்பான் கம்பெனி நாம்கோ விட்ட கார் ரேஸ் கேம், இங்க அட்டாரி கம்பெனி லைசென்ஸ் வாங்கிச் செஞ்சது. நின்னுக்கிட்டு ஓட்டுற மாடல். பேஸ்மென்ட் படியில இறக்குறதுக்குள்ள மச்சானோட கட்டைவிரல் நகம் போச்சு. "இது என்ன, பழைய பீரோவா?"ன்னு வீட்டுல கேட்டாங்க. இன்னும் பதில் சொல்லல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிச்சாலும் கார் வலது பக்கமே போகுது. வீலும் நிக்காம சுத்திக்கிட்டே இருக்கு, ஸ்டாப்பர் உடைஞ்சிருக்கும்போல. பிரேக் பெடலைக் காணோம், வித்த ஆள் கழட்டி வெச்சுக்கிட்டாரோன்னு சந்தேகம். பத்து நிமிஷம் ஓடினா படம் கோடு கோடா கலைஞ்சு, கேம் தானா முதல்ல இருந்து கிளம்புது. 5 வோல்ட் கம்மியா இருக்குமோன்னு பவர் போர்டுல இருக்கிற சின்ன திருகைக் கொஞ்சம் கூட்டினேன். ரெண்டு நாள் சரியா ஓடுச்சு, மறுபடி அதே கதை. பெட்டியோட அடிப்பலகை வேற டீயில முக்கின ரஸ்க் மாதிரி உப்பிக் கெடக்கு.

சரியாகுமா, இல்ல விட்டுடலாமா?

ஜாய்ஸ்டிக் ஜான்:
எதுக்கு ப்ரோ இந்தத் தலைவலி? உள்ள இருக்கிறதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஒரு சின்ன கம்ப்யூட்டர், ஒரு எல்சிடி வைங்க. சனிக்கிழமை ஒரே நாள் வேலை.

டயோடு தாத்தா:
பாண்டியன் தம்பி, அப்படி எதுவும் பண்ணிடாதீங்க. உங்க பெட்டியில பாதி கோளாறு கோளாறே இல்ல.

நின்னு ஓட்டுற மாடலுக்கு ஆக்சிலரேட்டர் மட்டும்தான். பிரேக்கோட வந்தது உட்கார்ந்து ஓட்டுற பெட்டி. பாவம், வித்தவரைத் திட்டாதீங்க. வீல் நிக்காம சுத்துறதும் அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஸ்டீயரிங் தண்டுல பல்லுப் பல்லா வெட்டின ஒரு வட்டத் தகடு இருக்கும். அதுக்கு ரெண்டு சென்சார். பல்லு வெளிச்சத்தை மறைச்சு மறைச்சு விடுறதை எண்ணித்தான் எவ்வளவு திருப்பினோம்னு கேமுக்குத் தெரியும். எந்தப் பக்கம்னு தெரியணும்னா, ரெண்டுல எது முந்துதுன்னு பார்க்கணும். ஒண்ணு குருடாயிட்டா கேமுக்குத் திசை தெரியாது. உங்க கார் வலது பக்கமே போறது அதனாலதான் இருக்கும். பழைய கிரீஸ் உருகி சென்சார் சந்துல இறங்கியிருக்கான்னு பாருங்க. பஞ்சு சுத்தின குச்சியில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க. அப்புறம் போன் கேமரா வழியா சென்சாரைப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அதுல ஊதாவாத் தெரியும். முன்பக்க கேமரான்னா நல்லாத் தெரியும்.

அடுத்தது, அந்தத் திருகை இனிமே தொடவே கூடாது! மீட்டரை எடுத்து ரெண்டு இடத்துல 5 வோல்ட்டைப் பாருங்க: ஒண்ணு பவர் போர்டுல, இன்னொண்ணு கேம் போர்டுல இருக்கிற ஏதாவது ஐசி (சில்லு) கால்ல. அளவைச் சொல்லுங்க.

பேஸ்மென்ட் பாண்டியன்:
பவர் போர்டுல 5.6. ஐசி கால்ல 4.7. அட, அவ்வளவா?!

டயோடு தாத்தா:
நடுவுல 0.9 வோல்ட் காணாமப் போகுது. போனது எட்ஜ் கனெக்டர்ல, அதான் கேம் போர்டு விளிம்புல மாட்டுற சொருகி. அதைக் கழட்டிப் பாருங்க, பின்னு கறுத்திருக்கும்.

அட்டாரி பவர் போர்டு கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் பண்ணும். கேம் போர்டுக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு தனி ஒயர் போட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கும், குறைஞ்சா அதுவே கூட்டிக் கொடுக்கும். கான்டாக்ட் துருப்பிடிச்சா அந்த இடத்துல சூடு ஏறும், சூடு ஏறினா பிடிப்பு இன்னும் கெடும், பவர் போர்டு இன்னும் கூட்டும். நீங்க வேற திருகித் திருகி அடுப்புல விறகு வெச்சிருக்கீங்க. ரெண்டு இசட்8002, ஒரு இசட்80ன்னு மூணு பிராசஸர், அதுக்கு மேல நாம்கோவோட சொந்தச் சில்லுகள்னு கரண்டைக் குடிக்கிற போர்டு இது. அந்தச் சில்லு போனா கடையில போய்க் கேட்டு வாங்க முடியாது. போர்டு விளிம்பை அழிரப்பர் வெச்சுத் தேய்ங்க, உப்புத்தாள் வேண்டாம், தங்கப் பூச்சு போயிடும். கனெக்டரைப் புதுசா மாத்துங்க, ஒயரைத் துடைச்சுப் புதுசா க்ரிம்ப் பண்ணுங்க. அடியில இருக்கிற பெரிய நீல கெபாசிட்டரையும், அதான் எல்லாரும் பிக் ப்ளூன்னு சொல்றது, மாத்திடுங்க. நாப்பது வருஷ கெபாசிட்டருக்கு இரக்கம் காட்ட வேணாம்.

பிக்சர் டியூப்பை ஓட்டுற போர்டு, அதான் சேசிஸ், என்ன மாடல்?

பேஸ்மென்ட் பாண்டியன்:
எலக்ட்ரோஹோம் ஜி07ன்னு ஒட்டியிருக்கு.

டயோடு தாத்தா:
நம்ம கிச்சனர்ல இருந்த கம்பெனி, உங்க வீட்டுல இருந்து ஒரு மணி நேரம். ஊர்ல டயனோரா, சாலிடேர் டிவி பார்த்த கை என்னோடது, அதனால கண்டிப்பாவே சொல்றேன்: ஆஃப் பண்ணிட்டாலும் டியூப்ல சார்ஜ் நிக்கும். நீள ஸ்க்ரூடிரைவர்ல ஒயர் கட்டி, மறுமுனையை டியூப்போட பின்பக்கம் ஓடுற எர்த் பின்னல் ஒயர்ல மாட்டி, ரப்பர் மூடிக்கு அடியில விடுங்க. 'டப்'புன்னு சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை. ஒரு கையைப் பாக்கெட்டுல வெச்சுக்குங்க. அந்த சேசிஸைப் பெட்டியில இருந்து கழட்டி நேரா வீட்டு பிளக்குல குத்திடாதீங்க, வீட்டு கரண்ட்ல இருந்து அதைப் பிரிச்சு வைக்கிற ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டியிலதான் இருக்கு.

ஆசாரி மகன்:
அடிப்பலகை பத்தி யாரும் சொல்லல. உப்பின பலகையில பசை ஊத்தி அழுத்துறது ஆறு மாசம்தான் நிக்கும். கெட்டியான இடம் வர்ற வரைக்கும் நேர்க்கோட்டுல அறுத்துட்டு ப்ளைவுட் போடுங்க. பக்கவாட்டுப் படத்துக்குக் கீழயே அறுப்பு நிக்கணும். அப்புறம் கால் திருகு போட்டுத் தரையில இருந்து தூக்கி வைங்க. பேஸ்மென்ட் ஈரம்தானே முதல் எதிரி.

பேஸ்மென்ட் பாண்டியன்:
தாத்தா, ஒரு சென்சார் மேல கறுப்பா பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. துடைச்சதும் கார் ரெண்டு பக்கமும் திரும்புது! பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு சுத்து முடிச்சுப் பார்த்துட்டேன். கனெக்டர்ல நாலு பின்னு கரி, பிளாஸ்டிக்கே உருகியிருக்கு. புதுசுக்கு ஆர்டர் போட்டாச்சு, அதுவரைக்கும் பிளக்கைப் பிடுங்கி வெச்சிருக்கேன். பையன் கேம்ல வர்ற குரல் மாதிரியே "பிரிப்பேர் டு குவாலிஃபை"ன்னு நாள் பூரா கத்திக்கிட்டுத் திரியறான்.

கியர் லோ-வுல சிக்கிக்கிட்டு ஹை-க்கு வர மாட்டேங்குது. ஸ்பிரிங்கா, சுவிட்சா?

டயோடு தாத்தா:
மைக்ரோ சுவிட்சை விரலால அழுத்திப் பாருங்க. 'டிக்'குன்னு கேட்டா பெரும்பாலும் ஸ்பிரிங்.