நம்ம கடல் ஆய்வுகளுக்கு வந்த பணம்: தரவை எங்கே தேடுவது?

நிலாவெளிக்காரி:
கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். திருகோணமலைக் கடலில் நடந்த ஆய்வுகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள், எவை கட்டுரையாக வந்தன, எவை கடற்றொழில் விதிகள் வரை போய்ச் சேர்ந்தன என்று பார்க்க ஆசை. இலங்கைத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த ஆய்வுச் செலவு தெரிகிறது, எனக்கோ ஒவ்வொரு திட்டமாக வேண்டும். ஸ்கோபஸ் என்ற கட்டணக் கட்டுரைத் தரவுத்தளத்துக்குக் காசு கட்ட வழியில்லை. எங்கே தொடங்குவது?

உப்புவெளி அண்ணா:
ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ஓப்பன்அலெக்ஸ் என்ற தரவுத்தளத்தில் தொடங்குங்கள் தங்கச்சி. மைக்ரோசாப்ட் தன் கட்டுரைத் தரவுத்தளத்தை 2021 முடிவில் நிறுத்தியபோது அந்த இடத்தை நிரப்ப 2022 ஜனவரியில் வந்தது, தரவை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் நிறுவனப் பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். நம்ம பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரான ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டி என்று அமெரிக்காவிலும் பங்களாதேஷிலும் இருக்கிறது, நம்ம நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவின் பெயரைப் போட்டால் ஜப்பான் நகரத்துக் கட்டுரைகள் வந்து குவியும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ரோர் என்ற தனி எண் உண்டு, அதைப் பிடியுங்கள். அப்புறம் கட்டுரையில் ஆசிரியர்கள் எழுதிய முகவரி வரியிலும் திருகோணமலை என்று தேடுங்கள், வெளிநாட்டுக் குழுக்கள் இங்குள்ளவர்களோடு சேர்ந்து செய்த வேலையும் கொஞ்சம் அகப்படும்.

மூதூர் வாசகன்:
பெயர்களையும் கவனியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒருவரே ஒரு கட்டுரையில் முதலெழுத்தோடும் இன்னொன்றில் அப்பா பெயரை முழுதாகவும் எழுதுவார், கணினி அவரை இரண்டு ஆட்களாக்கிவிடும், அதே முதலெழுத்துள்ள இரண்டு பேரை ஒருவராகச் சேர்த்தும் விடும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான ஓர்கிட் என்ற தனி எண் இருந்தால் சரி, இல்லாவிட்டால் கையால்தான் பிரிக்க வேண்டும். கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இல்லாத தமிழ் இதழ்கள் பெரும்பாலும் இந்த வலையில் விழாது. அவற்றை நூலகத்தில் உட்கார்ந்து நீங்களே பட்டியலிடுங்கள், இல்லாவிட்டால் தமிழில் எழுதியவர்கள் ஆய்வே செய்யாதவர்கள் போலத் தெரிவார்கள். அது பெரிய அநியாயம்.

நிலாவெளிக்காரி:
நன்றி. பணம் பற்றி?

உப்புவெளி அண்ணா:
கட்டுரையின் நன்றியுரையில் மானிய எண் இருந்தால் அதைப் பணம் தந்த திட்டத்தோடு இணைக்கலாம், பல கட்டுரைகளில் இருக்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், மானியம் தந்த அரச நிறுவனங்களிடம் மானியப் பட்டியலைக் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். திட்டத் தலைப்பு, ஆண்டு, தொகை, பொறுப்பாளர், மானிய எண் எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள், மொத்தத் தொகையை மட்டும் தந்தால் உங்களுக்குப் பயனில்லை. விதிகள் விஷயம்தான் கடினம். எந்த ஆய்வைப் பார்த்து விதி வந்தது என்று வர்த்தமானியில் தேடினால் கிடைக்காது, கடற்றொழில் திணைக்களத்தில் பழைய ஆட்களைச் சந்தித்துக் கதைத்தால்தான் விளங்கும்.