கொலையாளி யார் என்பதற்கு அப்பால்: இளையோர் நாவல்களும் என் வாசிப்பும்

இளையோருக்காக எழுதப்படும் மர்ம நாவல்களையும் மாயப் புனைவுகளையும் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அக்காவின் மகள், என் பெறாமகள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் வயதை எட்டியபோது, அவள் கையில் எப்போதும் இருக்கும் புத்தகம் என்னவென்று அறியும் ஆவலில் தொடங்கிய வாசிப்பு இது. இப்போது அவள் தொடாத புத்தகங்களையும் நானே தேடி எடுக்கிறேன். வாசித்தவற்றுள் எவை மனத்தில் நின்றன, எவை கலைந்துபோயின என்று எண்ணிப் பார்த்தால், புதிரின் சிக்கலுக்கும் மாயத்தின் பிரமாண்டத்துக்கும் அதில் பெரிய பங்கில்லை என்றே தோன்றுகிறது. கதையில் இறந்துபோனவருக்காக உண்மையாகவே துக்கப்படுகிறவர்கள் அந்தப் பக்கங்களில் இருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

ஹொலி ஜக்சன் எழுதி 2019இல் வெளிவந்த 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' மருதானையில், டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையோரத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னர் அதை வைத்திருந்தவர் சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரின் பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி இட்டிருந்தார். சிலவற்றை அழித்துவிட்டு வேறு பெயருக்கு மாற்றியிருந்தார். பாதிப் புத்தகத்தைத் தாண்டியதும் குறிகள் அடியோடு நின்றுவிட்டன. அந்த இடத்துக்கு வந்தபோது எனக்கும் கொலையாளியைக் கண்டுபிடிக்கும் ஆர்வம் பின்னுக்குப் போய், கொலைப்பழி சுமந்த சிங் குடும்பத்தைப் பற்றிய கவலை முன்னுக்கு வந்திருந்தது. லிட்டில் கில்டன் என்ற சிற்றூரில் அன்டி பெல் என்ற மாணவி காணாமற்போகிறாள். அவளுடைய காதலன் சல் சிங் அவளைக் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டான் என்று பொலிசும் ஊரும் முடிவுகட்டிவிடுகின்றன. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பிப் என்ற மாணவி, பாடசாலை ஆய்வு ஒப்படை என்ற பெயரில் அந்த முடிவைக் கிளறத் தொடங்குகிறாள். நேர்காணல் எழுத்துப்படிகளும் அவளுடைய குறிப்பேட்டுப் பதிவுகளும் கதையோடு கலந்து வருவதால், சான்றுகளை நாமே மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்பதாக உணர்கிறோம். 2024இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் இந்த அனுபவம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் நாவலின் உயிர் என்று நான் கருதுவது, வழக்கு நீதிமன்றத்தையே காணாமல் ஒருவன் கொலைகாரனாக்கப்பட்டுவிட்டால் அவனுடைய பெற்றோரும் தம்பியும் அதே ஊரின் கடைத்தெருவுக்கு எந்த முகத்தோடு போவது என்ற கேள்வியைத்தான்.

இந்நாவலின் தொடர்ச்சியாக 2021இல் வந்த மூன்றாம் நூலில், கதை முழுவதையும் சொல்லிவிடாமல் எழுதுகிறேன், பொலிசின் மீது நம்பிக்கையிழந்த பிப் தானே சட்டத்துக்கு அப்பால் காலடி வைக்கிறாள். அதைப் படித்து முடித்த இரவில் பெறாமகள் தொலைபேசியில் அழைத்து, "சின்னம்மா, பொலிஸ் கேக்கேல்லையெண்டா அவள் வேற என்னதான் செய்யிறது?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். "அவள் செய்தது சரியெண்டு புத்தகம் சொல்லுதா, இல்லாட்டி அதால அவளுக்கு என்ன ஆனதெண்டு காட்டுதா, அதைப் பார் பிள்ளை" என்றேன். அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போனது. முன்பகுதியில் பிப்பின் உறக்கமின்மையும் அச்சமும் மிக நேர்மையாக எழுதப்பட்டிருக்கின்றன என்பதில் எங்கள் இருவருக்கும் உடன்பாடு. பின்பகுதியிலோ தடயங்களை மறைக்கும் திட்டம் மணிக்கணக்குப் பார்த்து நகர்த்தப்படும் வேகத்தில் ஒரு மனித உயிர் போயிருக்கிறது என்ற பாரமே கைநழுவிவிடுகிறது என்பது என் எண்ணம். அவள் இதை ஏற்கவில்லை. அந்த வேகமே பிப்பின் மரத்துப்போன மனத்தைக் காட்டுகிறது என்கிறாள். அவளுடைய வாசிப்புக்கும் நியாயமிருக்கிறது.

ஜெனிஃபர் லின் பார்ன்ஸின் 'தி இன்ஹெரிட்டன்ஸ் கேம்ஸ்' (2020) பெறாமகளின் வகுப்பில் கைமாறிக்கொண்டே இருக்கும் நாவல். அறிமுகமே இல்லாத கோடீசுவரரின் சொத்து ஒரு மாணவிக்கு வந்து சேர்கிறது. புதிர்களும் இரகசிய வழிகளும் நிறைந்த மாளிகையில் அவள் ஓராண்டு வாழவேண்டும். புதிர்கள் நேர்த்தியானவை. ஆனால் இறந்த முதியவருக்காக எவரும் துக்கப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை, ஆகவே மாளிகையும் என் மனத்தில் தங்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, அஞ்சலின் பூலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டோட்டர்' (2021) என்னை நெடுநாள் விடவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சூ செயின்ட் மேரி என்ற எல்லை நகரில், 2004இல் நிகழும் கதை இது. தந்தை வழியில் ஒஜிப்வே பழங்குடியையும் தாய் வழியில் வெள்ளையின வசதிக் குடும்பத்தையும் சேர்ந்த டோனிஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண், தன் உயிர்த்தோழி கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்ட பின், போதைப்பொருள் பற்றிய எஃப்.பி.ஐ. விசாரணைக்கு இரகசியமாக உதவ இசைகிறாள். இரசாயனவியலில் அவளுக்குள்ள ஆர்வமும் மூத்தோரிடம் கற்ற மூலிகை அறிவும் துப்பறிவதில் ஒன்றுசேர்கின்றன. அதிகாரிகளுக்கு வேண்டியது கைதுகள். அவளுக்கு வேண்டியது தன் சனம் மேலும் காயப்படாதிருப்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்துவருவதைப் பூலி அவசரப்படாமல் எழுதுகிறார். இறந்தவரின் ஆவி நான்கு நாள் பயணம் செய்கிறது என்பது ஒஜிப்வே மக்களின் நம்பிக்கை. எட்டுச்செலவும் அந்தியேட்டியும் நடக்கும் வீடுகளில் வளர்ந்த எனக்கு, இழவு வீட்டின் ஒழுங்குகள் துப்பறிவு வேலையைக் காத்திருக்கவைக்கும் ஒரு மர்ம நாவல் மிகவும் நெருக்கமாக இருந்தது. இந்நூலுக்கு 2022இல், அமெரிக்காவில் இளையோர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் பிரின்ட்ஸ் விருது கிடைத்தது முற்றிலும் தகும்.

மாயப் புனைவுகளில் டோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஒஃப் பிளட் அன்ட் போன்' (2018) பற்றி ஒன்று சொல்லவேண்டும். மேற்கு ஆபிரிக்க யொருபா மக்களின் மரபுத் தெய்வங்களையும் நம்பிக்கைகளையும் கொண்டு ஒறிஷா என்ற நாட்டை அவர் கட்டுகிறார். அங்கே அரசனின் கட்டளையால் மாய ஆற்றலுடையோர் ஒரே இரவில் கொன்றொழிக்கப்பட்டிருக்கிறார்கள், நாயகி ஸெலியின் தாயும் அவர்களுள் ஒருத்தி. அந்தப் பிள்ளை தாயை நினைக்கும் பகுதிகளைக் கொழும்பிலிருந்து வாசிக்கும் தமிழர் எவரும் வெறும் கற்பனையாக எண்ணிக் கடந்துவிட முடியாது. அரசனின் மகனோடு ஸெலிக்கு உண்டாகும் காதல் மட்டும் கதை கேட்கும் வேகத்தை மீறி வந்துவிடுகிறது. இதன் தொடர்ச்சியாக 2024இல் வந்த மூன்றாம் நூல் எனக்குப் பெரும் ஏமாற்றம். ஒறிஷாவுக்குள் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் செய்த கொடுமைகளுக்குக் கணக்குத் தீர்க்கவேண்டிய இடத்தில், கடலுக்கு அப்பாலிருந்து புதிய எதிரியைக் கொண்டுவந்து எல்லோரையும் ஒரே அணியில் நிறுத்திவிடுகிறார்கள்.

கொழும்பில் வளர்ந்து இங்கிலாந்தில் வாழும் நிஸ்ரானா ஃபாரூக்கின் நாவல்கள் இவற்றைவிடச் சிறியவர்களுக்கானவை. 'த கேர்ள் ஹூ ஸ்டோல் அன் எலிஃபன்ட்' (2020) நூலில் அரசியின் நகைகளைத் திருடி, அரசனின் யானையிலேயே ஏறித் தப்பும் சாயாவோடு செரண்டிப் (இலங்கையின் பழைய பெயர்) காட்டுக்குள் ஓடும்போது, நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஊர் மணம் தெரிந்துவிடும். இதன் அடுத்த வயதுக்கு, அதுவும் தமிழில், எதைக் கொடுப்பது? செப்டம்பர் மாதத்தில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் இதே கேள்வியோடு தமிழ்க் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு பக்கம் படக்கதைகள், ஒரு பக்கம் கடந்தகால வினாத்தாள்கள், அதற்கப்பால் பெரியோருக்கான வரலாற்று நாவல்கள். பதினான்கு வயதுக்கு என்று கேட்டபோது ஒரு விற்பனையாளர் வரலாற்று நாவலின் முதற்பாகத்தை எடுத்துத் தந்து, "இதைத்தான் எல்லாரும் வாங்கிக் குடுக்கிறவை" என்றார். காத்தவராயன் கூத்தும் அண்ணமாரும் வைரவரும் நம்மிடம் இருக்கையில், யொருபா தெய்வங்களை வைத்து அடெயெமி செய்ததை நம்மவர் ஏன் செய்யக்கூடாது? வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் நடக்கும் துப்பறியும் கதையை, அங்கேயே குடியிருக்கும் பிள்ளை ஒன்று வாசிக்கவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். எழுதுகிறவர்கள் இங்கு இருந்தால் தயவுசெய்து முன்வாருங்கள்.

வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் கவனிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. பூலியின் நாவலில் பாலியல் வன்முறை வருகிறது. ஜக்சனின் மூன்றாம் நூல் முதலிரண்டையும்விடக் கொடூரமானது. பதினாறு வயதுக்கு முன் இரண்டையும் தனியாகக் கொடுக்க நான் தயங்குவேன். பூலியைப் பெறாமகளுக்குப் பரீட்சை முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இருவரும் ஒரே வாரத்தில் வாசித்து, அந்தப் பகுதி வரும்போது நேரில் இருந்து பேசுவதாக ஏற்பாடு.