பிரெய்ரி நாயை இடம் மாற்றுவது: களத்தில் பார்த்தவை

பெயர்தான் நாய், மண்ணில் வளை தோண்டி வாழும் அணில் குடும்பம். கறுப்பு வால் கொண்ட இனத்தைக் கூண்டில் பிடிப்பது பெரிய வித்தையில்லை. விட்ட இடத்தில் அது தங்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். பிடிப்பதற்கு முன் மூன்று நான்கு நாள் கூண்டுக் கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, ஓட்ஸ் தீவனம் போட்டுப் பழக்குங்கள். வெயில் ஏறும் முன் கூண்டுகளைக் காலி செய்துவிட வேண்டும். கம்பி சூடேறினால் உள்ளே இருப்பது பிழைக்காது. குடும்பத்தைப் பிரிக்காதீர்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த ஆய்வில், குடும்பத்தோடு விடப்பட்டவை பிழைத்த வாய்ப்பு மற்றவற்றைவிட ஐந்து மடங்கு.

---

எல்லாம் சரி, புல்லை விட்டுவிட்டீர்களே! புல் உயரமாக இருந்தால் கயோட்டி (ஓநாய் போன்ற வேட்டை விலங்கு) வருவது பிரெய்ரி நாய்க்குத் தெரியாது. இடத்தை விட்டே போய்விடும். முதலில் ஒட்ட வெட்டுங்கள். பழைய வளைகள் இல்லாத நிலமென்றால் 10 செ.மீ. அகல ஆகர் (மண் துளைக்கும் கருவி) கொண்டு சாய்வாகத் துளை போடுங்கள். இன்னும் நல்லது, மண்ணுக்குள் ஆழமாக ஒரு பெட்டி, அதிலிருந்து மேலே வர நெளிவுக் குழாய். பெட்டிக்கு அடிப்பலகை வேண்டாம், மிச்சத்தை அதுவே தோண்டிக்கொள்ளும். குழாய் வாயைப் பள்ளத்தில் வைத்தால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே இறங்கும். வாய்மேல் கம்பிக்கூண்டு கவிழ்த்து, தீவனம் வைத்துச் சில நாள் அடைத்து வைத்தால் ஓட்டம் குறையும்.

---

பிளேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. 1900-இல் சான் பிரான்சிஸ்கோவில் கால்வைத்த நோய். இவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. 2008-இல் தெற்கு டகோட்டாவின் கோனாட்டா பேசின் வரை வந்துவிட்டது. பரப்புவது தெள்ளுப்பூச்சி. அதனால் 0.05% டெல்டாமெத்ரின் பூச்சிக்கொல்லித் தூளை வளைக்கு 4–5 கிராம் வீதம் அடிக்கிறார்கள். தூள் அடிக்கும் கருவியின் முனையை வளையின் வாய்க்குள் நன்றாக நுழைத்து அடிக்க வேண்டும். மேட்டில் தூவினால் வெயிலும் மழையும் தின்றுவிடும். ஆளில்லாததுபோல் தெரியும் வளையையும் விடக் கூடாது. தூள் பிடித்ததா என்று பார்க்க, நீளமான கம்பியில் வெள்ளைப் ஃபிளானல் துணியைக் கட்டி உள்ளே விட்டு எடுங்கள். ஒட்டிவரும் தெள்ளு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். துணியை உடனே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தை அடித்த இடங்களில் தெள்ளு அதற்குப் பழகிவிட்டது, அதையும் சொல்லியாக வேண்டும்.

பிரெய்ரி நாய்களின் குரைப்பு அடங்கி, வளைவாய்களில் சிலந்தி வலை பின்னியிருந்தால் பிளேக் புகுந்திருக்கலாம், கையை உள்ளே விடாதீர்கள்.

---

பிளேக்குக்கு எதிராக, தின்னக் கொடுக்கும் தடுப்பு மருந்து இரையும் உண்டு. வேர்க்கடலை வெண்ணெய் வாசனை போட்டது. கூடவே சாயம் கலந்திருப்பதால், தின்றதா என்பதை மீசை முடியை வைத்தே கண்டுபிடிக்கலாம். எலிகளும் அதைத் தின்னும் என்பதால் அளவைச் சுருக்கிப் போட்டால் பயனில்லை.