மின்சாரக் காருக்கு மலிவான போர்ட்டபிள் சார்ஜர்: வாங்கியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள்

ராக்கோழி

எல்லோரும் பார்த்த அதே பெட்டிதான். ஒரு முனையில் வீட்டுப் பிளக், மறு முனையில் காரில் செருகும் டைப் 2 பிளக், நடுவில் ஆம்பியர் மாற்ற ஒரு பட்டன். காரோடு வந்ததைத் தொலைத்துவிட்டு, இருப்பதிலேயே விலை குறைந்ததைப் பார்த்து வாங்கினேன். 16 ஆம்பியரில் வைத்துவிட்டு மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காவது வாரம், ராத்திரி ஒன்றரை மணி. தண்ணீர் குடிக்க எழுந்தால் மீன் கவிச்சி. வீட்டுக்குள் மீன் வந்தே பத்து நாளாகிறது. பூனை எதையோ இழுத்து வந்து போட்டிருக்கிறது என்று திட்டிக்கொண்டே கார் நிற்கும் இடத்துக்குப் போனேன். பிளக் பாயிண்டின் வலது பக்கத் துளையைச் சுற்றி, தேநீர் சிந்திய மாதிரி ஒரு பழுப்பு வட்டம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இழுத்தால் பிளக் வரவே இல்லை. பிளாஸ்டிக் உருகி, பின்னோடு ஒட்டிப் போயிருந்தது. கவிச்சி அதிலிருந்துதான்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்: நான் மெயினை அணைக்கிற நொடி வரைக்கும் அந்தப் பெட்டி பச்சை விளக்கைப் போட்டு, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் அளவு மீறினால் தானாக விழ வேண்டிய எம்சிபி சுவிட்சும் விழவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது?

மூணாவது பின்

எனக்கு நேர்மாறு. என் சார்ஜர் வேலை செய்ய மாட்டேன் என்று மானத்தை வாங்கியது.

மாமனார் வீடு. போய்ச் சேரும்போது 11 சதவீதம். செருகினேன், சிவப்பு விளக்கு. எர்த் இல்லையாம். வேறு பாயிண்ட், அங்கேயும் சிவப்பு. வீட்டில் உள்ள எல்லாப் பாயிண்டையும் பார்த்தாயிற்று. மாமனார் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "மாப்ள, இந்த வீட்ல நாப்பது வருஷமா கரண்ட் இருக்கு. உங்க காருக்கு மட்டும்தான் வரமாட்டேங்குது" என்றார். மூணாவது பின் துளை இருந்ததே தவிர, அதற்குப் பின்னால் வயரே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

மச்சான் விடவில்லை. பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இருந்த சார்ஜரை வாங்கி வந்தான். அதில் எர்த் பார்ப்பதையே அணைத்துவைக்க ஒரு வசதி. அணைத்ததும் சார்ஜ் ஏறியது, எல்லோரும் சிரித்தார்கள். நான் பையை எடுக்கக் கார் கதவைத் தொட்டேன். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல ஒரு சுரீர். என் மகள் செருப்பில்லாமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். உடனே பிடுங்கிவிட்டேன். "பயந்தாங்கொள்ளி" என்று இன்றைக்கும் அந்த வீட்டில் எனக்குப் பெயர்.

பழைய வயர்மேன்

ராக்கோழி, பெட்டி மேல் பழி போடாதீர்கள். எல்லோரும் சார்ஜர் என்கிறோமே தவிர, அது சார்ஜரே இல்லை. வீட்டுக்கு வரும் ஏசி கரண்டைப் பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. இந்தப் பெட்டி ஒரு காவல்காரன். எர்த் இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு சிக்னல் வழியாகக் காரிடம் "இவ்வளவு ஆம்பியர் வரைக்கும் எடுத்துக்கொள்" என்று சொல்லும். அந்தச் சிக்னல் விட்டுவிட்டுத் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் அது ஆன் ஆக இருக்கும் நேரம் 10 சதவீதம் என்றால் 6 ஆம்பியர், 16.7 என்றால் 10, 26.7 என்றால் 16. நீங்கள் 16 என்று வைத்தீர்கள், அது 16 என்று சொன்னது, கார் 16 எடுத்தது. எம்சிபிக்கும் அது சரியான கணக்குதான், அதனால் விழவில்லை. உருகியது உங்கள் பிளக் பாயிண்டில் தளர்ந்துபோன பித்தளைப் பிடி.

சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 10-லிருந்து 16-க்குப் போனால் ஒன்றரை மடங்கு சூடு என்று நினைப்பீர்கள். 2.56 மடங்கு. இஸ்திரிப் பெட்டி நிறைய இழுக்கும், ஆனால் விட்டுவிட்டு இழுக்கும். கார் எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். எனக்கும் ஒருமுறை இப்படிக் கருகியிருக்கிறது, அதை விடுங்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மலிவாக வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் நான்கைப் பார்த்து வாங்குங்கள். பிளக்குக்குள்ளேயே வெப்ப சென்சார் வேண்டும். நடுப்பெட்டிக்குள் இருப்பது போதாது, சூடாவது பிளக்தான். ஆம்பியரை 6 அல்லது 8 வரைக்கும் இறக்க முடிய வேண்டும். வயர் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள், 16 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் இல்லையென்றால் கீழே வையுங்கள். இந்தப் பெட்டிகளுக்கென்றே ஐஇசி 62752 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. டிசி கசிவு 6 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் துண்டிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. அப்புறம், பெட்டியை ஆணியில் மாட்டுங்கள். அது அந்தரத்தில் தொங்கினால் அதன் எடை பிளக்கை நாள்பூராவும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், பிடி தளர்வதே அதனால்தான்.

மூணாவது பின், நீங்கள் பிடுங்கியதுதான் சரி. எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்குப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தாலும் விடாதீர்கள். பின்னால் எங்கேயோ நியூட்ரல் அறுந்தால் கார் உடம்பு முழுக்கக் கரண்ட் வரும்.

சும்மா வந்தவன்

எக்ஸ்டென்ஷன் சக்கரம். 25 மீட்டர். ஐந்து மீட்டர் மட்டும் உருவிவிட்டு மிச்சத்தைச் சுற்றியபடியே விட்டேன். காலையில் உள்சுற்றெல்லாம் ஒரே கட்டியாக, பனைவெல்லம் மாதிரி. சுற்றியிருந்தால் இவ்வளவு வாட், முழுக்கப் பிரித்தால் இவ்வளவு வாட் என்று சக்கரத்தின் மேலேயே எழுதியிருக்கிறது. பாதி எழுத்து உருகிய பிறகு படித்தேன்.

ரெண்டாவது கார்

வயர்மேன் அண்ணா, உங்கள் நான்கில் இரண்டை வாங்கும்போது பார்க்கவே முடியாது. சென்சார் இருக்கிறது என்று எல்லோரும்தான் போடுகிறார்கள், பிளக்கை உடைத்தா பார்ப்பது? ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ முத்திரை கூடப் பெரும்பாலும் தயாரிப்பவர் தானே போட்டுக்கொள்வது. நான் செய்வது வேறு. புது இடத்தில் செருகினால் அரை மணி நேரம் கழித்துப் புறங்கையைப் பிளக் மேல் வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு என்றால் சரி. கை தானாக விலகினால் ஆம்பியரை இறக்கிவிடுவேன், அல்லது அந்த இடமே வேண்டாம்.

என் கதை வேறு, அவமானம் அதே. வேகமாக ஏறட்டும் என்று 32 ஆம்பியர் பெட்டி வாங்கினேன், 7 கிலோவாட். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதற்குத் தனி லைன், 6 சதுர மில்லிமீட்டர் வயர் எல்லாம் இழுத்தாயிற்று. முதல் நாள் சாயங்காலம் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தால் 14 ஆம்பியர். கழற்றி மாட்டினேன், 14. பெட்டி கெட்டுவிட்டது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ரொம்பப் பொறுமையாக, "மேடம், உங்க கார் உள்ளே இருக்கிற சார்ஜர் எத்தனை கிலோவாட்?" என்று கேட்டார். 3.3. அதற்கு மேல் நீங்கள் ஆற்றையே திருப்பிவிட்டாலும் அந்தக் காருக்கு வாய் அவ்வளவுதான். வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். மும்முனை (த்ரீ பேஸ்) பெட்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் அதே கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முனையில் மட்டும் எடுக்கும் காருக்கு மற்ற இரண்டு முனையும் சும்மா நிற்கும்.

பழைய வயர்மேன்

புறங்கை வைத்தியம் நல்லதுதான், மறுக்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்குக் கை வைக்க யார் எழுந்திருப்பது? அதற்குத்தான் சென்சார்.

ராக்கோழி

நான் எழுந்திருக்கிறேன் அண்ணே, அதுதான் பிரச்சினை.

சரி, ஒத்துக்கொள்கிறேன், பித்தளைப் பிடிதான். பிரித்துப் பார்த்தபோது ஒரு பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஆனால் "பெட்டி மேல் தப்பில்லை" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். காவல்காரன் என்றால் நெருப்பையும் பார்க்க வேண்டாமா? பிளக்கில் சென்சார் உள்ளதாக வேறொன்று வாங்கினேன், பழையதைவிடக் கொஞ்சம்தான் விலை கூட. பாயிண்டையும் புதிதாக, தனி லைனில் போட்டாயிற்று. ஹேர் டிரையரைப் பிளக் மேல் காட்டிப் பார்த்தேன். முதலில் ஆம்பியரைக் குறைத்தது, பிறகு நிறுத்தியே விட்டது. விற்றவர் பேச்சை நம்பாமல் சோதிக்க எனக்குத் தோன்றிய ஒரே வழி இது.

இப்போது 10 ஆம்பியர்தான். 2.3 கிலோவாட், பத்து மணி நேரத்துக்கு 23 யூனிட். வழியில் வீணாவது போக 20 உள்ளே போகும் என்று வையுங்கள். நான் ஒரு நாளைக்கு ஓட்டுவது 40 கிலோமீட்டர், அதற்கு 6, 7 யூனிட் தாராளம். அந்த 16 எனக்குத் தேவையே பட்டதில்லை. பட்டனில் இருந்தது, வைத்தேன், அவ்வளவுதான்.

இருந்தாலும் ஒன்றரை மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. போய் மோந்து பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன். நேற்று மறுபடியும் அதே கவிச்சி. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். உண்மையிலேயே பூனை.